பெயரும் திகதியும் பஸ் காசும்



என் வீட்டு அலுமாரியில் பதினொரு கொப்பிகள் இருக்கின்றன. நகை இருக்க வேண்டிய இடத்தில் கொப்பி இருக்கிறது என்று உம்மா பகிடி பண்ணுவார். எல்லாம் நண்டுக் கணக்கு. கற்பிட்டியில் களப்போரத்து நண்டு வாடியொன்றில் நான் ஒன்பது வருடமாக நண்டு நிறுத்துக் கணக்கு எழுதுகிறேன். எந்தத் தோணி, எந்த வலை, எத்தனை கிலோ, எத்தனை சினை நண்டு என்று முதலாளிக்கு ஒரு கொப்பியிலும், எமது மாதர் சங்கத்துக்கு இன்னொரு கொப்பியிலும் எழுதுவேன். சங்கக் கொப்பியை எழுதும்படி யாரும் சொல்லவில்லை. களப்பில் நண்டு குறைகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு குறைகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதத் தொடங்கினேன்.

ஒரு நாள் கடற்புல் பற்றிப் படிக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளையொன்று எமது கரைக்கு வந்தது. என் கொப்பிகளைக் கண்டதும், "அன்ரி, இதை நீங்கள் கட்டாயம் கொழும்பில் காட்ட வேண்டும்" என்றது. இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. கடல்வாழ் உயிர்களின் தகவல்களை எல்லோரும் ஒரே முறையில் பதிவது பற்றி 2024 ஜூலையில் இரண்டு நாள் செயலமர்வு என்றும், கரையோர மக்களின் பிரதிநிதியாக நான் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். சங்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். கடிதத்தின் கடைசி வரியை வாசித்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. "பிரயாணச் செலவு, மூலப் பற்றுச்சீட்டுகளைச் சமர்ப்பித்த பின்னர் மீளளிக்கப்படும்."

முதலில் கையிலிருந்து செலவழிக்க வேண்டும், பிறகு தருவார்கள் என்பதே இதன் அர்த்தம். கையில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. என் கையில் என்ன இருந்தது?

சீட்டுக் காசு

என் கணவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருடம். மகன் தோணியில் போகிறான், மகள் ஏ.எல். படிக்கிறாள். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது எமது கரையில் பாதித் தோணிகள் கட்டிக் கிடந்தன. அப்போது பட்ட கடனை 2024 இலும் கட்டிக்கொண்டிருந்தோம்.

கொழும்புக்குப் போய்வரக் கணக்குப் போட்டேன். விடியப்புறம் நாலு மணிக்குப் பஸ் எடுக்க வேண்டும். அந்த நேரம் பஸ் நிலையம் வரை ஆட்டோ. பிறகு பாலாவி, சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் புறக்கோட்டை. அங்கிருந்து மண்டபத்துக்கு இன்னொரு ஆட்டோ. ஓரிரவு தங்க வேண்டும். தனியாகப் போக உம்மா விடமாட்டார், எனக்கும் துணிவில்லை. கூட வருகிறவருக்கும் செலவு. இரண்டு நாள் வாடிக் கூலியும் போய்விடும். கூலியைச் சேர்க்காமலே 12,000 ரூபாவுக்குக் கிட்ட வந்தது.

"எனக்கு ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். அன்று மாலை பக்கத்து வீட்டு மாமி வந்தார். அந்த மாதச் சீட்டு அவருடையது. கூரைத் தகரம் மாற்றக் காத்திருந்தவர்.

"என்ட சீட்ட நீ எடு மகள். உன்ட முறை வரக்குள்ள நான் எடுக்கிறன்."

"மாமி, மழைக்கு முந்திக் கூரை மாத்த வேணுமே?"

"மழைக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கு. அதுக்குள்ள அவங்க காசு தந்திருவாங்கதானே?"

மாமியின் இந்தக் கேள்வியை நினைவில் வைத்திருங்கள். பிறகு வருகிறேன்.

சுண்டும் அட்டையும்

ஒரே முறையில் பதிவதால் என்ன பயன் என்று உங்களில் சிலர் கேட்கலாம். படிப்பில்லாமலே இதற்குப் பதில் தெரிந்தவர்கள் நாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தோம். முகாமில் அரிசி பங்கிடும்போது தினமும் சண்டை. ஒருவர் வைத்திருந்த சுண்டு பால் ரின், இன்னொருவர் வைத்திருந்தது நசுங்கின ரின். "ஆளுக்கு மூன்று சுண்டு" என்று சொன்னாலும் ஒரு வரிசைக்குக் கூட, மறு வரிசைக்குக் குறைய. கடைசியில் பள்ளிவாசலிலிருந்து ஒரே சுண்டைக் கொண்டுவந்து, இதால்தான் எல்லோருக்கும் அளக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சண்டை நின்றது. அரிசி கூடவில்லை, அளவு ஒன்றானது. பெரிய படிப்புப் படித்தவர்கள் "தகவல் நியமம்" என்று சொல்வது இதைத்தான்.

பெயர் விஷயமும் உங்களுக்குத் தெரியும். என் பெயரின் முற்பாதி பாத்திமா. நிவாரண அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியவர் பீ எழுத்தில் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் எப் எழுத்து. அடையாள அட்டையில் நடுவில் ஓர் எழுத்துக் குறைவு. பிறப்புப் பத்திரம் ஊரோடு போயிற்று. மூவரும் நான்தான் என்று ஒப்புவிக்கக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை நடை நடந்தேன்! காணாமல் போன பிள்ளைக்கு, இறந்த கணவருக்கு, இழந்த காணிக்கு விண்ணப்பம் போட்ட சகோதரிகள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். ஓர் எழுத்து மாறினால் ஒரு மனிதர் இரண்டு பேராகிவிடுவார், அல்லது ஒருவருமே இல்லாமற் போய்விடுவார்.

கொழும்பில் கற்றவை

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள். வெயிலில் கறுத்த கைகள் மூன்று சோடிதான். என்னுடையது, உடப்பிலிருந்து வந்த ஓர் அக்காவுடையது, சிலாபத்துச் சிங்களச் சகோதரியொருவருடையது. மூவரும் ஒரு மேசையில் போய் இருந்தோம். தமிழில் விளங்கப்படுத்த ஒருவர் இருந்தார்.

முதலில் பெயர். கடற்பசுவின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். நான் "கடற்பசு" என்றேன். உடப்பு அக்கா "ஆவுலியா" என்றார். சிலாபத்துச் சகோதரி "முஹுது ஊரா" என்றார். அதாவது கடற்பன்றி. எங்கள் ஆட்களுக்கு ஒரு பெயரில் மாடு, மறு பெயரில் பன்றி! மண்டபமே சிரித்தது. மூன்று பேரும் ஒரே நாள் கண்ட ஒரே விலங்கை மூன்று பெயரில் எழுதினால் மூன்று விலங்குகள் என்று கணக்கு வந்துவிடும். ஆகவே உலகம் முழுவதும் விளங்கும் விஞ்ஞானப் பெயர் ஒன்றையும் பக்கத்தில் எழுத வேண்டும். இதற்கு டுகோங் டுகோன். எமது நீலக்கால் நண்டுக்குப் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ். ஊர்ப் பெயரை விடத் தேவையில்லை, அதற்கும் ஓர் இடமுண்டு என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது திகதி. என் கொப்பியில் 3.4 என்று இருந்தது. சித்திரை மூன்றா, பங்குனி நாலா? எனக்குத் தெரியும், எனக்குப் பிறகு வருகிறவருக்குத் தெரியாது. வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்று எழுதும் சர்வதேச ஒழுங்கு 1988 இலேயே வந்துவிட்டது.

பிறகு இடம். "வாடிக்கு நேரே, திருக்கை பட்ட இடம்" என்று நான் எழுதியிருந்தேன். கைத்தொலைபேசியில் இடத்தின் எண்களைப் பார்க்கக் காட்டித் தந்தார்கள். கற்பிட்டிக்கு வடக்கே 8.23, கிழக்கே 79.76. மகள் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டாள். பெரிய திரையில் எமது நண்டு எங்கே போய் நின்றது தெரியுமா? நோர்வேக்கும் வடக்கே, பனி உறையும் கடலில்!

கடைசியாக அளவு. நண்டின் ஓட்டு அகலத்தை இரண்டு பக்க முள்ளின் நுனிக்கு நுனி அளப்பவர்களும் உண்டு, முள்ளை விட்டு அடியில் அளப்பவர்களும் உண்டு. எப்படி அளந்தோம் என்று எழுதாவிட்டால் ஒருவரின் சிறிய நண்டு மற்றவரின் பெரிய நண்டாகிவிடும். படித்தவர்களும் இப்படித் தவறியிருக்கிறார்கள். 1999 இல் அமெரிக்கா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய விண்கலமொன்று அழிந்துபோனது. ஒரு பகுதியினர் இறாத்தல் கணக்கில் கொடுத்த எண்ணை மறு பகுதியினர் மெற்றிக் கணக்கென்று எடுத்ததுதான் காரணம். எமது முகாமின் நசுங்கின சுண்டை நினைத்துக்கொண்டேன்.

இந்த ஒழுங்குகளை வகுக்கிறவர்கள் 1985 இல் ஜெனீவாவில் தாவரப் பெயர்களுக்காகக் கூடத் தொடங்கியவர்களாம். அவர்களுடைய அமைப்பு 2009 இல் அங்கீகரித்த ஒழுங்கின் பெயர் டார்வின் கோர். கொப்பன்ஹேகனில் செயலகம் வைத்து 2001 முதல் இயங்கும் உலகப் பல்லுயிர்த் தகவல் நிலையம் இந்த ஒழுங்கிலேயே தகவல்களைச் சேர்க்கிறது. அங்குள்ள பதிவுகள் 200 கோடியைத் தாண்டிவிட்டன. கடற்பசு பற்றி மீனவர்களிடம் கேட்பதற்கும், பல நாடுகளில் ஒரே மாதிரிக் கேள்விகள் கொண்ட படிவமொன்று இருக்கிறது.

டார்வின் கோரில் ஒரு கட்டம் என் மனதில் நின்றுவிட்டது. "பதிந்தவர் யார்" என்ற கட்டம். இதற்கு முன்னும் சிலர் வந்து என் கொப்பிகளைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே போயிற்று என்று தெரியாது, என் பெயர் இருந்ததா என்றும் தெரியாது. அப்படியொரு கட்டம் இருப்பது தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்.

எழுத்தில் இல்லாத உழைப்பு

இரண்டாம் நாள் ஒருவர் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலைப் பற்றிப் பேசினார். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூனில் தாண்ட அந்தக் கப்பலிலிருந்து 1,600 தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடி தடைப்பட்டது. நட்டஈடு கேட்பதென்றால், முன்னர் எவ்வளவு பிடித்தோம், பின்னர் எவ்வளவு குறைந்தது என்று காட்ட வேண்டும் என்றார் அவர். தோணிக்காரருக்குப் பதிவு இருக்கிறது. கருவாடு போடுகிறவள், நண்டு உடைக்கிறவள், வலை பொத்துகிறவள், இவர்களின் உழைப்பு எந்தக் கொப்பியில் இருக்கிறது? அன்று மண்டபத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு, 2025 ஜூலையில், கப்பற் கம்பனித் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் கட்ட வேண்டும் என்று எமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் முதலில் செய்தது, அன்றைய நண்டுக் கணக்கை ஒழுங்காக எழுதியதுதான்.

எழும்பிப் பேசினேன்

கடைசியில் "கரையோரப் பெண்கள் அதிகமாக வருவதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். யாரும் பேசவில்லை. உடப்பு அக்கா என் முழங்கையில் இடித்தார். எழும்பினேன். குரல் நடுங்கியது.

"சேர், எங்களுக்கு விருப்பமில்லாமல் இல்லை. காசை முதல் போட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள். நான் பக்கத்து வீட்டு மாமியின் கூரைக் காசில் வந்திருக்கிறேன். விடிய நாலு மணிக்கு வரும் ஆட்டோக்காரர் பில் தரமாட்டார். பஸ்ஸில் தந்த துண்டு சீட்டில் எழுத்தே தெரியவில்லை. என்னோடு வந்த மகளுக்குக் காசு இல்லை என்று கடிதத்தில் இருக்கிறது. தனியே வா என்றால் எங்கள் ஊரில் எத்தனை பெண் வருவாள்?"

உடப்பு அக்காவும் எழும்பினார். தன் கணவரைக் கடல் கொண்டுபோய் இருபது வருடமாகிறது என்றும், இந்தப் பயணத்துக்காக ஒரு தோட்டை அடகு வைத்ததாகவும் சொன்னார். மண்டபம் அமைதியாயிற்று. வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போகும் ஒரு விரிவுரையாளர் அம்மா, "எங்களுக்கும் இதே பிரச்சினைதான்" என்றார். இந்த நியமக்காரர்களின் வருடாந்தக் கூட்டம் 2015 இல் நைரோபியில், 2022 இல் சோபியாவில், 2023 இல் ஹோபார்ட்டில் என்று உலகெங்கும் நடந்திருக்கிறது. விமானச் சீட்டுக்கு உதவி கிடைக்காவிட்டால் எம்மைப் போன்ற நாடுகளின் ஆட்கள் அங்கே போக வழியில்லை. போகாவிட்டால் எமது கடலைப் பற்றி எமக்கு வசதியான கட்டங்கள் அந்தப் படிவத்தில் வராது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் முழுதாக விளங்கியது. பஸ் காசு இல்லாதவள் இல்லாத இடத்தில்தான் சுண்டின் அளவு முடிவாகிறது.

காசு வந்த கதை

மாமியின் கேள்விக்கு வருகிறேன். பற்றுச்சீட்டுகளை அனுப்பினேன். ஆட்டோவுக்கும் ஒரு பஸ்ஸுக்கும் சரியான சீட்டு இல்லை என்று 3,400 ரூபாவைக் கழித்தார்கள். மீதி ஆறு வாரத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. விசாரித்தால், அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது என்றார்கள். ஏன்? அவர்களுடைய பட்டியலில் என் பெயர் எப் எழுத்தில். வங்கிப் புத்தகத்தில் பீ எழுத்தில்! பெயரை ஒழுங்காக எழுதப் படிப்பித்த செயலமர்வின் காசு, பெயர் பிழையால் திரும்பிப் போயிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காசு கைக்கு வர நாலு மாதம் ஆனது. அதற்குள் மழை தொடங்கிவிட்டது. மாமியின் வீட்டில் ஒழுக்குக்குச் சட்டி வைத்த சத்தம் எனக்கு இரவில் கேட்கும். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பாரமாக இருந்தது. காசு வந்த அன்றே கொடுத்தேன். குறைந்ததை எமது சங்கம் போட்டது. மகனும் கூட்டாளிகளும் ஏறித் தகரத்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் எழுதினோம். நடந்ததைக் குறை சொல்லாமல், எண்ணோடு எழுதினோம். அடுத்த செயலமர்வுக்குப் பாதிச் செலவை முற்பணமாகத் தந்தார்கள். ஆட்டோவுக்குப் பில்லுக்குப் பதிலாக நாமே எழுதிக் கையொப்பமிடும் படிவம் தந்தார்கள். கூட வருபவருக்கும் பஸ் காசு தந்தார்கள். வாடிக் கூலிக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

போகுமுன் கேளுங்கள்

தையல் பயிற்சியோ, விவசாயச் செயலமர்வோ, உங்களுக்கும் ஒரு கடிதம் வரலாம். வந்தால் "ஆம்" சொல்லுமுன் இவற்றைக் கேளுங்கள்.

1. காசு முன்னதாகவா, பின்னதாகவா? பின்னதாக என்றால் எத்தனை நாளில்? அதை எழுத்தில் கேளுங்கள்.

2. பற்றுச்சீட்டு கிடைக்காத பயணத்துக்கு என்ன வழி? சீட்டு இருந்தால் அன்றிரவே கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். எழுத்து மங்கிப்போகும்.

3. கூட வருகிறவருக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் செலவு உண்டா?

4. தங்குமிடம் யார் பொறுப்பு? பெண்களுக்குத் தனி அறை உண்டா?

5. எந்த மொழியில் நடக்கும்? தமிழில் விளங்கப்படுத்த ஆள் உண்டா?

6. வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியைக் கொடுத்து, "இதில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்" என்று சொல்லுங்கள்.

7. நாம் கொண்டுபோகும் தகவல் எங்கே போகிறது? பதிந்தவர் என்று எமது பெயர் வருமா?

இதையெல்லாம் கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. கூப்பிட்டார்கள்.

இப்போது பன்னிரண்டாவது கொப்பி. வருடம், மாதம், நாள். ஊர்ப் பெயர், விஞ்ஞானப் பெயர். முள் நுனிக்கு நுனி அகலம். இடத்தின் இரண்டு எண்கள். சங்கத்தில் இன்னும் நாலு பேருக்குப் பழக்கியிருக்கிறேன். மாமிக்கு எழுத வராது. ஆனால் வெள்ளாப்பில் வாடிக்கு வந்து, எந்தத் தோணி எப்போது வந்தது என்று மாறாமற் சொல்லுவார். கடைசிக் கட்டத்தில் எமது இருவரின் பெயரையும் எழுதுகிறேன். என்னுடையதை, வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே.